அன்றைக்கு மெஷின் ரொம்ப நன்றாக ஓடியது

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி என் மருமகளுடையவை. மீதிப் பாதி, பேட்டையில் நான் வேலை பார்த்த குழாய்த் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவிலிருந்து வருபவை. நான் ஒருத்தி பார்த்த வேலையை இப்போது சுபா, பர்வீன் என்று இரண்டு பெண்கள் பார்க்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்து முதலாளி இதைச் சொன்னார். அத்தனை வருடமும் இரண்டு ஆள் வேலையை ஒரு சம்பளத்துக்குச் செய்திருக்கிறேன் என்றுதான் எனக்குப் பட்டது.

போன மாதம் பர்வீன் கூப்பிட்டாள். "அக்கா, வெளிநாட்டுச் சரக்குக்குத் தரமுத்திரை இருந்தாத்தான் உள்ள விடுவோம்னு கவர்மெண்டுல சொன்னாவ. பிறகு தேதியத் தள்ளி வச்சாவ. இப்ப முத்திரையே வேண்டாங்காவ. தூத்துக்குடியில நம்ம லோடு நிக்கி. எதை நம்பி ஆர்டர் போட?"

"எதையும் நம்பாத. மூணு பேப்பரையும் பைல்ல வை. ஒரு வாரம் பொறு. அதுக்குள்ள நாலாவது பேப்பர் வரும்."

சிரித்தாள். அப்புறம் சுபா போனை வாங்கி, "ஈயத்தை நிப்பாட்டின வருசம் நீங்க எப்படிச் சமாளிச்சியன்னு எழுதிக் குடுங்கக்கா. இங்க ஆளுக்கொரு கத சொல்லுதாவ" என்றாள். ஆளுக்கொரு கதை என்றதும்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கதைகளில் என்னை எப்படிச் சொல்கிறார்களோ தெரியாது. நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். குழாயை அழுத்தி, வளைத்து, உடைத்துப் பார்க்கிற வேலை. இரண்டு வருடம் அதைச் செய்தேன். கொள்முதல் பார்த்தவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை துபாய் விசா வந்தது, திங்கட்கிழமை விமானம் ஏறிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எம்மா ஜீனத், ஒனக்குத்தான் சாமான் பேரெல்லாம் தெரியும்லா, பாத்துக்கோ" என்றார். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி.

மற்றதெல்லாம் சிதம்பரநாதன் சாரிடம் கற்றது. எங்கள் தொழிற்சாலையின் மேலாளர். பாளையங்கோட்டைக்காரர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு சிறிய மரஸ்கேல். எந்தக் காகிதம் வந்தாலும் ஜன்னலோரம் நின்றுதான் படிப்பார். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். நாற்பது பக்கம் இருந்தாலும் நாற்பது பக்கமும். நடுவில் யாராவது பேசினால் ஸ்கேல் அந்த இடத்திலேயே நிற்கும், அவர் நிமிர்ந்து பார்ப்பார், பேசியவர் தானாகவே போய்விடுவார். அவரிடமிருந்து "ம்" என்று ஒரே ஒரு சத்தம் வரும். சம்மதமா, சந்தேகமா என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. குட்டையான ‘ம்’ சம்மதம். நீண்ட ‘ம்’ என்றால் அன்று வீட்டுக்குப் போக நேரமாகும்.

அவர் வைத்திருந்த விதி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வருகிற எந்த மூட்டையும், சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு சிட்டிகை எடுத்துச் சோதிக்காமல் கலவை எந்திரத்துக்குப் போகக் கூடாது.

இனி ஈயத்துக்கு வருகிறேன். பி.வி.சி. என்பது வெறும் வெள்ளைத் தூள். அதை அப்படியே சூடாக்கி உருக்கினால் குழாய் வராது, கருகிப் புகைதான் வரும். கருகாமல் காக்க இன்னொரு தூள் சேர்க்க வேண்டும். அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். ஆயிரம் கிலோவுக்கு ஒரு மூட்டை போதும். காலங்காலமாக அந்தத் தூள் ஈயத்தில் செய்ததுதான். மலிவு. எந்த மெஷினிலும், எவ்வளவு மோசமான ஆபரேட்டர் கையிலும் ஒழுங்காக ஓடும். ஒரே குறை, ஈயம் விஷம். குழாயில் வருகிற தண்ணீரில் அது துளித்துளியாக இறங்கலாம். குடிக்கிற குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். ஆகவே தண்ணீர்க் குழாயில் ஈயம் கூடாது என்று அரசு விதி போட்டது. அதற்கு மாற்று, கால்சியமும் துத்தநாகமும் கலந்த தூள்.

விதி வரப் போகிறது என்று தெரிந்தவுடனேயே சார் ஒரு மூட்டை மாற்றுத் தூள் வாங்கச் சொன்னார். எங்கள் மூத்த ஆபரேட்டர் இசக்கிமுத்து அதைப் போட்டு ஓட்டினார். அரை மணி நேரத்தில் மெஷின் வாயிலிருந்து வந்த பொருளைத் துணி சுற்றிய கையில் ஏந்திக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சார், இதக் குழான்னு சொல்லி விக்க முடியாது. கருப்பட்டின்னு வேணா விக்கலாம்."

சார் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீண்ட ‘ம்’.

அதன் பிறகு இரண்டு மாதம் இசக்கிமுத்துவுக்கும் அந்தத் தூளுக்கும் சண்டை. சூட்டைக் குறைத்தால் குழாய் சொரசொரவென்று வரும், கூட்டினால் ஓரம் மஞ்சளாகும். மெஷினுக்குள் சுழலும் திருகின் வேகத்தைக் குறைத்து, கலவையில் சேர்க்கும் மெழுகின் அளவை மாற்றி, பைய பைய வழிக்குக் கொண்டுவந்தார். ஓரளவு வந்தது. ஆனால் மெஷின் ஓடும்போது எப்போதும் ஒரு முனகல் இருக்கும். வேலைக்கு வர மனமில்லாதவன் மாதிரி ஓடுகிறது என்பார் இசக்கிமுத்து.

விதி அமலுக்கு வந்ததும் என் பாடு தொடங்கியது. நாட்டில் உள்ள குழாய்க் கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றுத் தூளுக்கு ஓடின. செய்கிறவர்கள் கொஞ்சம் பேர். பெரிய கம்பெனிகள் லாரி லாரியாக எடுத்துக்கொண்டன. எங்களுக்கு ஆறு வாரம் கழித்து என்றார்கள், ஆறு வாரம் கழித்துக் கேட்டால் மறுபடியும் ஆறு வாரம் என்றார்கள். பழைய தூளோ கேட்பாரில்லாமல் ஊர் ஊராகக் கிடங்குகளில் கிடந்தது. ஒரு சாமானைத் தடுத்தால் அது மறைந்து போவதில்லை, பெயர் மாற்றிக்கொண்டு வரப் பார்க்கும் என்பது அப்போது எனக்குப் புத்தியில் ஏறியிருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மணிமுத்தாறு பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து குடிநீர்க் குழாய் ஆர்டர் வந்தது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம். தலைவி பேச்சியம்மாள் நேரிலேயே வந்தார். நாற்பது வயதுக்காரர், வெயிலில் வேலை பார்த்த முகம். அணை பக்கத்திலேயே இருந்தும் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை, பெண்கள் குடத்தோடு கீழே இறங்கி ஏறுகிறார்கள் என்றார்.

"மூணு வாரத்துல எங்க அம்மன் கோயில் கொடை. வெளியூருல கட்டிக் குடுத்த பிள்ளையெல்லாம் வருவாவ. வீட்டுக்கு இருபது பேரு. அந்தத் தண்ணியயும் நாங்கதான் சுமக்கணும். அதுக்குள்ள குழா வந்திருமா?"

வந்துவிடும் என்று சொன்னது நான்தான். கையில் அரை மூட்டை மாற்றுத் தூள்தான் இருந்தது.

ஊரெல்லாம் போன் போட்டேன். கடைசியில் தூத்துக்குடி ஏஜெண்ட் கிளமெண்ட் அண்ணாச்சி எட்டு மூட்டை இருப்பதாகச் சொன்னார். பதினெட்டு வருடப் பழக்கம். என் மகன் நிக்காஹ்வுக்கு மக்ரூன் டின்னோடு வந்து பந்தி பரிமாறிய மனிதர். மறுநாள் காலை எட்டு மணிக்கு மூட்டைகள் வந்து இறங்கின. புதுப் பை, பச்சை எழுத்தில் ‘ஈயம் அற்றது’ என்று அச்சு, கூடவே பரிசோதனைச் சான்றிதழ்.

அன்றைக்கு சார் இல்லை. அம்பாசமுத்திரத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். சிட்டிகை சோதனை செய்ய வேண்டியது நான். அரை மணி நேர வேலைதான். ஆனால் முதல் லோடு குழாய் ஏற்ற லாரி சாயங்காலம் வருவதாக இருந்தது, இசக்கிமுத்து மெஷினைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தார். முன்பே கலந்து வைத்த மாற்றுத் தூள் கலவை தீரப் போகிறது என்று வேறு சொல்லிவிட்டார். சான்றிதழைப் பார்த்தேன். கிளமெண்ட் அண்ணாச்சி முகத்தை நினைத்துக்கொண்டேன். ஸ்டோர் பார்க்கிற பிச்சையாவிடம், "ஏத்துங்க, பிறகு பாத்துக்கிடலாம்" என்றேன்.

பிச்சையா ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தவர், நின்றார். "என்னமோ மூட்ட சின்னதா இருக்கேம்மா. கனம் அதே கனந்தான்."

"பை மாத்தியிருப்பாவ, கொண்டு போங்க."

ஒன்பதரை மணிக்கு மெஷின் பக்கம் போனேன். எப்போதும் அங்கே கத்தித்தான் பேச வேண்டும். அன்று இசக்கிமுத்து சாதாரணக் குரலில் பேசினார், எனக்குக் காது கேட்டது. குழாய் பளபளவென்று வழுக்கிக்கொண்டு வந்தது. ஓரத்தில் மஞ்சள் இல்லை, சொரசொரப்பு இல்லை. பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"எங்கன பிடிச்சிய இந்தச் சரக்க? சூட்டத் தொடவே இல்ல. அப்படியே பழைய மாதிரி ஓடுது."

நானும் சிரித்தேன். இரண்டு அடி நடந்தேன். மூன்றாவது அடி வைக்க முடியவில்லை.

பழைய மாதிரி ஓடுகிறது. சின்ன மூட்டை, அதே கனம். இதைவிட எனக்கு யார் என்ன சொல்ல வேண்டும்? ஈயத் தூள் அடர்த்தியானது, இருபத்தைந்து கிலோ சின்னப் பையில் அடங்கும். மாற்றுத் தூள் பஞ்சு மாதிரி, பை புடைத்துக்கொண்டு நிற்கும். இதைப் பட்டம் வாங்கிய எனக்கு முன்பே பிச்சையாவின் தோள் கண்டுபிடித்துவிட்டது.

ஆய்வுக் கூடத்துக்கு ஓடினேன். வெள்ளைச் சாஸர் இரண்டு எடுத்தேன். ஒன்றில் எங்களிடம் மிச்சமிருந்த நல்ல தூள், இன்னொன்றில் புது மூட்டைத் தூள். ஜன்னலைத் திறந்து வைத்து, சோடியம் சல்பைடு கரைசலைச் சொட்டு மருந்துபோல இரண்டிலும் விட்டேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தது, அது எப்போதும் வரும். நல்ல தூள் வெள்ளையாகவே இருந்தது. புதுத் தூள் பழுப்பானது, பிறகு அடுப்புக்கரிபோல் கறுத்தது. ஈயம்.

திரும்பி ஓடி, மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

"நிப்பாட்டினா உள்ள இருக்கது கருகி இறுகிரும்மா. கழட்டிச் சுரண்ட ரெண்டு நாளாகும்" என்றார் இசக்கிமுத்து. "முதல்ல என்ன சங்கதின்னு சொல்லுங்க."

சொன்னேன். அவர் சிரிப்பு போயிற்று. முன்பே கலந்து வைத்திருந்ததில் மிச்சமிருந்த நல்ல கலவையை எடுத்துவந்து ஊற்றி, ஈயக் கலவை முழுவதையும் வெளியே தள்ளினார். அதுவரை வந்த நாற்பத்திரண்டு குழாய்களைத் தனியே அடுக்கி, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டால் குறுக்குக் கோடு போட்டோம். அத்தனை அழகான குழாய்களில் கோடு போடும்போது அவருக்குக் கை வரவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"என்ன நிறம்?" என்றார்.

"கருப்பு சார்."

"சோதிக்கிறதுக்கு முன்னாடி ஏத்தினதா, பின்னாடியா?"

"முன்னாடி சார். நான்தான் ஏத்தச் சொன்னேன்."

 நாதஸ்வரத்தையும் மீறிக்கொண்டு அந்த ‘ம்’ வந்தது. அவ்வளவு நீளமாக அதற்கு முன் கேட்டதில்லை.

மதியம் மூன்று மணிக்கு அவரே வந்து நின்றார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் கல்யாணப் பலகாரப் பை. பெண்ணைப் பெற்றவர் பந்தி முடிந்ததும் காரேறிவிட்டார். முதலில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். தின்ன முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். "சாப்பிடுங்க, பிறகு பேசுவோம்" என்றார். சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"நடந்தத நடந்தபடி எழுதுங்க. யாரு, எத்தன மணிக்கு, என்ன. உங்க பேரையும் சேத்து."

எழுதினேன். ஜன்னலோரம் நின்று, பட்டு வேட்டியோடு, ஸ்கேலை வைத்துப் படித்தார். பிச்சையா சொன்னதை நான் விட்டிருந்தேன். அதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். "விடுப்புல இருந்தாலும் விதி என்னோடதுதான்" என்றார்.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவருக்கும் தடுமாற்றம் வந்தது. "பேப்பர் சரியா இருக்குல்லா சார்? நாம வேணும்னு செய்யலயே. ஒரு ஆர்டர்தான. கொடைக்கு ஊரே காத்துக் கெடக்கு" என்றார்.

சார் கறுத்த சாஸரைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வெளிய கொண்டு போங்க, நாறுது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிளமெண்ட் அண்ணாச்சி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். அவர் முன்னால் இன்னொரு தடவை சோதனை செய்து காட்டினேன். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளியூர் கிடங்கு ஒண்ணுல கெடைச்சுதும்மா. எல்லாருக்கும் இல்லாத சரக்கு இவனுக்கு மட்டும் எப்படி வந்துதுன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருமேன்னுதான் கேக்கல."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் கேட்காமல்தானே ஏற்றச் சொன்னேன். யாரிடம் வாங்கினார் என்று எழுதிக் கொடுத்தார். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் சாரோடு அவரும் வந்தார். அடுத்த வாரம் மீதி மூட்டைகளையும், நறுக்கிய அந்த நாற்பத்திரண்டு குழாய்களையும் ஆபத்தான கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினோம்.

அண்ணாச்சி வந்த அன்றே மதியம் பேச்சியம்மாள் இரண்டு உறுப்பினர்களோடு வந்து இறங்கினார். லாரி வரவில்லை என்ற கோபம். "நாளைக்கு நாளைக்குன்னு நீங்களும் மத்தவிய மாதிரிதான் பேசுதிய" என்று ஆபீஸ் வாசலிலேயே ஆரம்பித்தார். ஏதாவது மெஷின் பழுது என்று சொல்லிவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் சார் நான் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் நின்றபடியே வாசித்தார். சிவப்புக் கோடு போட்ட குழாய்களைப் போய்ப் பார்த்தார். ஒன்றைத் தடவினார்.

"நல்லாத்தான இருக்கு பாக்க."

"பாக்க நல்லா இருக்கும். அதான் கஷ்டம்" என்றேன்.

"இதப் போட்டுக் குடுத்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

தாளை மடித்து என்னிடம் தந்தார். "சரி. நல்ல குழா எப்ப வரும்? பொய் சொல்லாம சொல்லுங்க."

"தூள் கெடச்ச மூணாம் நாள். தூள் எப்பக் கெடைக்கும்னு தெரியல."

"யாருட்டயுமே இல்லையா?"

இருந்தது. கங்கைகொண்டானில் எங்களைவிட மூன்று மடங்கு பெரிய குழாய்க் கம்பெனி ஒன்று. அங்கே கொள்முதல் பார்த்த வேலாயுதம் என்பவருக்கும் எனக்கும் பத்து வருடப் பகை. நான் பேசி வைத்த சரக்கை இரண்டு தடவை தட்டிப் பறித்தவர். நானும் ஒரு தடவை பறித்திருக்கிறேன், அதை அவர் மறந்திருக்க மாட்டார். சாரிடம் சொன்னேன். குட்டையான ‘ம்’ வந்தது.

பிச்சையாவைக் கூட்டிக்கொண்டு லோடு ஆட்டோவில் போனேன். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று வார்த்தை அடுக்கிக்கொண்டே போனேன். வேலாயுதத்தின் முன்னால் உட்கார்ந்ததும் அடுக்கியது எல்லாம் மறந்துவிட்டது. நடந்ததை அப்படியே சொன்னேன், என் தப்பு உட்பட.

அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அந்த எட்டு மூட்டைய அந்தக் கிடங்குக்காரவிய முதல்ல எங்கிட்டதாம்மா கொண்டு வந்து காட்டுனாவ. வேண்டாம்னு அனுப்பிட்டேன். ஒங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கணும். நீங்க மாட்டிக்கிட்டா நல்லதுன்னு இருந்துட்டேன்."

  பிறகு மணியடித்து ஆளைக் கூப்பிட்டார். "ஆறு மூட்ட எடுத்து வைவே. பேட்டைக்காரவியளுக்கு." என்னிடம், "ஒங்க சரக்கு வந்ததும் ஆறு மூட்டையாவே திருப்பித் தாங்க. சோதிச்சுட்டுத்தான் வாங்குவேன்" என்றார்.

"சோதிக்காம வாங்கினா நானே எறக்க மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். மூட்டைகள் பஞ்சு மெத்தைபோலப் புடைத்துக்கொண்டிருந்தன. பிச்சையா ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, "இது சரியான மூட்ட" என்று தலையாட்டினார். ஆனாலும் பேட்டைக்கு வந்ததும் ஆறிலிருந்தும் சிட்டிகை எடுத்து ஆறு சாஸர் வைத்தேன். ஆறும் வெள்ளை.

மெஷின் மறுபடியும் முனக ஆரம்பித்தது. இசக்கிமுத்து வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடந்து, சூட்டை ஒரு டிகிரி ஏற்றி ஒரு டிகிரி இறக்கி, மூன்று கிலோமீட்டர் குழாயையும் எடுத்துக் கொடுத்தார். அந்த முனகல் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக அதற்கு முன் இருந்ததில்லை. ஊராட்சி ஆட்கள் பள்ளம் தோண்டித் தயாராக வைத்திருந்தார்கள். கொடைக்கு இரண்டு நாள் முன்னால் கடைசிக் குழாயும் பொருந்தியது.

தண்ணீர் திறக்கிற அன்று சாரையும் என்னையும் இசக்கிமுத்துவையும் பிச்சையாவையும் கூப்பிட்டிருந்தார்கள். மேட்டுத் தெருவில் கோயில் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். குழாயடியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம், வரிசையாகக் குடங்கள். பேச்சியம்மாள் திருகைத் திறந்தார். முதலில் காற்று புஸ்ஸென்று வந்தது. அப்புறம் கலங்கலாகக் கொஞ்சம். அதைக் கழியவிட்டார்கள். பிறகு தெளிந்த தண்ணீர், கை தடிமனுக்கு.

யார் முதல் குடம் பிடிப்பது என்று சலசலப்பு எழுந்தது. பேச்சியம்மாள் எல்லாரையும் கையமர்த்திவிட்டு, ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கழுவி, நிறையப் பிடித்து, கூட்டத்தைக் கடந்து நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

"நீங்க முதல்ல குடிங்கக்கா. ஊரு பாக்கட்டும்."

இசக்கிமுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.  தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்மி சொல்லி வாங்கி, ஒரு மூச்சில் குடித்து, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். அதன் பிறகுதான் குடங்கள் நகர்ந்தன.